வீட்டுக்காரருக்கு வந்த நிம்மதி

குளியலறைக்குள் கணவர் சீட்டியடிப்பது கேட்டதும் அவள் கைப்பையை எடுத்தாள். தூக்க மாத்திரை டப்பா அதற்குள்தான் இருக்கிறதா என்று இன்னொரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் அவருக்கு பாய்லர் ஆபரேட்டர் வேலை. போன மாதம்வரை வீட்டுக்கு வந்தால் எரிந்து விழுவார், தட்டை நகர்த்தி வைப்பார், படுத்தால் விடியும்வரை விட்டத்தை வெறிப்பார். ‘இந்த வேலை என்னைக் கொன்னுடும்’ என்பது தினசரிப் பல்லவி.

இப்போது சில வாரங்களாக மனிதர் தூங்குகிறார், சிரிக்கிறார். உப்பு போட மறந்த சமையலைக்கூட நன்றாயிருக்கிறது என்கிறார். வேறொருத்தியாக இருந்தால் அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

இவளை உட்கார விடாமல் செய்தது, நர்ஸாக இருக்கும் அக்கா ஃபோனில் சொன்ன வார்த்தை.

“கத்துற வரைக்கும் பயமில்லடி. அவ்வளவு கஷ்டத்துல இருந்த மனுஷன் காரணமே இல்லாம அமைதியாயிட்டா, மனசுக்குள்ள ஏதோ முடிவு பண்ணிட்டார்னு அர்த்தம். ஆள் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.”

அன்று கிளம்பும்போது அவர் மகளின் தலையை வருடி, “அம்மாவைப் படுத்தாம இரு, என்ன?” என்றார். ஒருநாளும் சொல்லாத பேச்சு. அவர் போன பிறகு பார்த்தால் சாப்பாட்டு டப்பா மேஜை மேலேயே இருந்தது.

இனிமேல் சாப்பாடு எதற்கு என்று விட்டுவிட்டாரா? நினைத்த மாத்திரத்தில் செருப்பை மாட்டினாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

வாசல் காவலாளிக்கு அவளைத் தெரியும். “உள்ள போங்கம்மா. அண்ணன் இப்போ ரொம்ப மாறிட்டார். இந்த மாசம் மேல்மாடியில ஒரு மெஷின்கூட நிக்கலையாம், மேனேஜரே எல்லார் முன்னாடியும் கை குடுத்தார்,” என்றான்.

அவள் காதில் அது பாதிதான் விழுந்தது. பாய்லர் அறையின் இரும்புக் கதவை இரண்டு கையாலும் தள்ளினாள். உள்ளே அனல் முகத்தில் அறைந்தது, காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எங்களை விட்டுட்டுப் போயிடாதீங்க. இந்த வேலை வேணாம். நாம எப்படியாவது பொழைச்சுக்கலாம்.”

“அட அசடே, எனக்கு என்ன ஆச்சு?” அவர் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். “கல்லு மாதிரி இருக்கேன். சாவறதைப் பத்தி நான் ஏன் நினைக்கப்போறேன்?”

அந்தக் குரலில் பொய் இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்போ அந்த டென்ஷன் எல்லாம் எங்க போச்சு?”

“அது பெரிய தொல்லை. பாய்லர்ல பிரஷர் எல்லை தாண்டினா எச்சரிக்கை மணி அடிக்கும். அடிச்சா தீயைக் குறைக்கணும். குறைச்சா நீராவி பத்தாம மேல மெஷின் நிக்கும், உடனே மேனேஜர் ஃபோன் போட்டுக் கிழிகிழின்னு கிழிப்பார். அந்த ஆளும் அந்த மணியும் சேர்ந்துதான் என்னைப் பைத்தியமா அடிச்சது.”

“இப்போ மேனேஜர் திட்டறதில்லையா?”

“மெஷின் நின்னாத்தானே திட்டுவார்?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அந்த மணி?”

அவர் டப்பாவைத் திறந்து, ஒரு கவளத்தை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

“வயரைப் புடுங்கிட்டேன்.”