ரங்கூன் சரக்கு

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகுக் கடை பக்ருதீன் கடிதத்தைத் தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

மலையிலிருந்து மிளகோடு இறங்கிய பாப்பாயி மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். ரங்கூன் மரக் கம்பெனிக்குப் போன மகன் ராசுவிடமிருந்து மூன்று வருஷத்தில் இதுதான் முதல் கடிதம். தமிழ் எழுத ஆள் கிடைக்காமல், ஆபீஸ் குமாஸ்தா இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நல்லா இருக்கானுங்களா பாய்?"

"நல்லா இருக்கானுங்க. அடுத்த சந்தைக்கு வாரானாம்." பக்ருதீன் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். "இம்போர்ட்டுன்னு போட்டிருக்குதுங்க அக்கா. கப்பல்ல வர்ற சரக்குக்குத்தான் அப்படிப் போடுவாங்க. ஆளை அனுப்பிப் போடாதீங்க. நீங்களே வந்து வாங்கிக்கோணும்."

அந்த வாரம் மலையில் வேறு பேச்சே இல்லை. தையல் மிஷின் என்றார்கள் சிலர். பாட்டுப் பெட்டி என்றார்கள் சிலர். பாப்பாயி கேழ்வரகு மூட்டைகளை நகர்த்தி வீட்டில் ஒரு மூலையை ஒழித்து வைத்தாள்.

சரக்கைத் தூக்க ஆள் வேண்டுமே. தம்பி மகன் செங்கோடன் மலைக்குக் கீழே பெண் கட்டினான் என்று இரண்டு வருஷமாக அவனோடு பேச்சில்லை. இப்போது அவன் வாசலிலேயே போய் நின்றாள். அவனும் மூங்கிலும் கயிறுமாகக் கூடவே இறங்கினான்.

சந்தைக்கு மோட்டார் பஸ் வந்தது. ராசு இறங்கினான். கையில் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான்.

பாப்பாயி மோட்டாரின் கூரையைப் பார்த்தாள். சுற்றிப் போய்ப் பின்பக்கமும் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது ராசு பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். பூப்போட்ட லுங்கி, கன்னத்தில் மஞ்சளாக ஏதோ பூச்சு, இடுப்பில் குழந்தை.

பாப்பாயிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்த வாயைத் திறந்தாள்.

அதற்குள் குழந்தை எட்டி அவள் கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். விடவில்லை. இழுத்த இழுப்பில் பாப்பாயியின் தலையும் அவள் தலையும் நங்கென்று முட்டிக்கொண்டன. குழந்தை இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது.

திட்ட வந்த வாய், "இப்படிக் குடு கண்ணு" என்றது.

செங்கோடன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தகரப் பெட்டியை மூங்கிலில் கட்டினான்.

குழந்தையை இடுப்பில் வைத்த பிறகுதான் பாப்பாயிக்கு மகன்மேல் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை எழுதப்படாதாடா? இம்போர்ட்டு சரக்கு வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே!"

ராசு விழித்தான். "இம்போர்ட்டா? அதுக்கு முக்கியமான சேதின்னும் ஒரு அர்த்தம் இருக்குதுன்னு குமாஸ்தா சொன்னாரும்மா. அதுக்குக் கீழ் வரியிலயே, கல்யாணம் பண்ணுனதும், புள்ளை பொறந்ததும் பூரா எழுதியிருந்துச்சே."

பாப்பாயி மிளகுக் கடைப் பக்கம் திரும்பினாள்.

பக்ருதீன் தலை நிமிராமல், காலித் தராசை வெகு கவனமாக நிறுத்துக்கொண்டிருந்தார்.