விலாவுக்கு ஒரு வளைவு

மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் வலது விலாவில் யாரோ ஆணி இறக்குவது போலிருந்தது தனசேகரனுக்கு. கிட்டாரை மடியில் வைத்ததும் அதன் மேல் விளிம்பு சரியாக அந்த இடத்தில்தான் போய்க் குத்தியது.

"என்ன தம்பி, மூஞ்சி சுருங்குது?" என்றான் மரவேலை செய்யும் துரைசாமி.

"தோள்பட்டைண்ணே. ஹார்பர்ல மூட்டை சரிஞ்சு விழுந்துடுச்சு."

இதே பொய்யைத்தான் தான் கிட்டார் வாசிக்கும் பேண்டு ஆட்களிடமும் சொல்லியிருந்தான். போன வாரம் ஒத்திகை முடிந்து வரும்போது, இருட்டில் பின்னாலிருந்து விழுந்த அடி அது. விழுந்த வேகத்தில் கையிலிருந்த கிட்டாரும் கழுத்து முறிந்து போனது. அடித்தவன் முகம் தெரியவில்லை. சனிக்கிழமை பேண்டுப் போட்டிக்கு வரும் பிடோக் பையன்களின் வேலை என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தான்.

வெளியே சொன்னால் கைகலப்பாகும். விலா உடைந்தவன் என்று தெரிந்தால் லீட் கிட்டார் வாசிக்க வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். சனிக்கிழமை ஜெயிக்கும் பேண்டுக்கு நீசூன் பட்டாளத்துக் கிளப்பில் நிரந்தர வேலை. இந்த உடம்போடு இனி மூட்டை தூக்க முடியாது. வாசித்தால்தான் சோறு.

சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் கட்டிலும் அலமாரியும் செய்துகொண்டிருந்த துரைசாமி, ஊரெல்லாம் பேண்டு முளைத்ததும் கிட்டாரும் செய்யத் தொடங்கியிருந்தான். "இரவல் தரேன், வந்து எது ஒத்துவருதுன்னு பாரு" என்று அவனே ஆள்விட்டுக் கூப்பிட்டிருந்தான். துணைக்கு வந்த சேதுபதி, அதே பேண்டில் ரிதம் கிட்டார் வாசிப்பவன், இழைக்காத பலகை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

முதல் கிட்டார் வெறும் தட்டைப் பலகை. விளிம்பெல்லாம் மேசை விளிம்பு போலக் கூர்மை.

"சத்தம் கணீர்னு இருக்குண்ணே. ஆனா முழங்கையை அறுக்குது. வேகமா நாலு பாட்டு வாசிச்சா ரத்தம் வந்துடும்."

இரண்டாவது, உள்ளே கூடாக, வயிறு பருத்தது. எடை இல்லை. ஆனால் கையை அகல விரித்து அணைத்தால்தான் நரம்பு எட்டியது. கழுத்து உடம்புக்குள் புதைந்து கிடந்ததால், மேல் சுரங்களுக்கு விரல் போகவில்லை.

சேதுபதி அதை வாங்கி இடுப்பைத் தடவினான். "மச்சான், காத்தோங்ல ஒருத்தி இருந்தாளே, அதே இடுப்புடா!"

"இருந்தாளா? அப்ப இப்ப?" என்றான் தனசேகரன்.

"அழுது அழுது உயிரை வாங்கினாடா. இனிமே இந்தப் பக்கம் வராதன்னு சொல்லிட்டேன்லா."

அவனே சிரித்துக்கொண்டான். உளியைத் தீட்டிக்கொண்டிருந்த துரைசாமி ஒரு கணம் நிறுத்திவிட்டு, மறுபடி தீட்டினான்.

மூன்றாவது கிட்டாருக்கு இரண்டு பக்கமும் கொம்பு. கொம்புகளுக்கு நடுவே கை கழுத்தின் அடிவரை தடையில்லாமல் இறங்கியது. விரல்கள் தாமாக ஓடின. ஆனால் கனத்த மரம். நாலு சுரம் போவதற்குள் விலா அவனைக் கவ்விப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இதுதாண்ணே லீட் வாசிக்கத் தோது. தோள்தான் தாங்கல."

துரைசாமி கிட்டாரை வாங்கிக் கவிழ்த்துப் போட்டான். முதுகில் மேல் விளிம்போரம் பென்சிலால் வளைவாக ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குள் மரத்தைச் செதுக்க ஆரம்பித்தான்.

"என்னண்ணே இது?" என்றான் சேதுபதி. "தோள்வலிக்கு வாரைத்தானே அகலமாப் போடணும்? நீங்க முதுகைக் குடையுறீங்க?"

"நீ கடைக்குப் போய் மூணு கோப்பி-ஓ வாங்கிட்டு வா."

சேதுபதி விசிலடித்தபடி போனான். உளி முடிந்து அரம், அரம் முடிந்து உப்புத்தாள். துரைசாமி தலை நிமிரவே இல்லை.

தனசேகரன் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தான். மரம் விலாவைத் தொடவே இல்லை. குடைந்த பள்ளத்துக்குள் காயம்பட்ட இடம் அப்படியே அடங்கிக்கொண்டது. ஒரு மூச்சில் லீட் முழுவதையும் வாசித்தான். சனிக்கிழமை கிளப் வேலை கைக்கு எட்டிவிட்டது போலிருந்தது.

பிறகுதான் உறைத்தது.

"அண்ணே, தோளுன்னுதானே சொன்னேன். விலான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

துரைசாமி உப்புத்தாளை மடித்து வைத்தான்.

"அன்னிக்கு இருட்டு தம்பி. உங்க பேண்டுல எல்லாருக்கும் ஒரே செவப்புக் கோட்டு, ஒரே மாதிரி முடி. கட்டையை இறக்கினப்புறம் நீ கத்துனப்பதான் குரல் வேறன்னு தெரிஞ்சுது."

தனசேகரனின் விரல் நரம்பிலேயே நின்றுவிட்டது.

"காத்தோங்ல வீட்டு வேலை செஞ்சுகிட்டிருந்தவ என் தங்கச்சி மங்களம். இப்ப வேலை இல்ல. வயித்துல உன் சேக்காளியோட புள்ள. அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கான்னே அவனுக்குத் தெரியாது."

சந்து முனையில் விசில் சத்தம் கேட்டது. காலிப் பால்டின்களில் ஊற்றிக் கயிறு கட்டிய கோப்பியை ஆட்டிக்கொண்டு சேதுபதி வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, சனிக்கிழமை போட்டிண்ணே. ரிதம் இல்லாம நான் மட்டும் வாசிச்சு என்ன பண்றது? எனக்கு வேற பிழைப்பு இல்லண்ணே."

"இந்தக் கிட்டாரை நீயே வச்சுக்க. உனக்கு நான் செஞ்சதுக்கு இது சரியாப் போச்சு."

துரைசாமி எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டான்.

"சேதுபதிக்கு அந்த அடி இன்னும் பாக்கி."