உருவாக்கியவர்

“யார் எழுதினது இதை?”

டீச்சர் போட்ட சத்தத்தில், பக்கத்து மெஷினில் விளையாடிக்கொண்டிருந்த இருவர் கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீடியோ கேம் வளர்ந்த கதையைச் சொல்லும் கண்காட்சி அது. கூடம் முழுக்கப் பழைய மெஷின்கள். சும்மா பார்த்துவிட்டு நகர்வதற்கு அல்ல. உட்கார்ந்து விளையாடினால்தான் வரலாறு புரியும் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

டீச்சர் நின்றது ‘தபால்காரனும் நாய்களும்’ என்ற விளையாட்டின் முன்னால். பக்கத்துப் பலகையில் ‘உருவாக்கியவர்’ என்று போட்டு ஒரு பெயர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் டீச்சர் வேலை பார்த்த கம்பெனி முதலாளியின் பெயர்.

வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள். “என்னம்மா, விளையாடத் தெரியலையா? நான் சொல்லித் தரேன். இந்தக் கைப்பிடியை மேல தள்ளினா தபால்காரர் குதிப்பார்.”

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அவரைக் குதிக்க வெச்சதே நான்தான்.”

“அம்மா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க” என்று கூட வந்திருந்த மகள் கையைப் பிடித்தாள்.

“பாக்கட்டும். ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்து பதினோரு மாசம். வரிவரியா நான் ஒருத்தி எழுதின புரோகிராம். அந்த ஆளுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. டப்பா மேல தன் பேரைப் போட்டுக்கிட்டான். ஏன் சார்னு கேட்டதுக்கு, ‘சம்பளம் வாங்கறீங்கல்ல, பேர் வேற வேணுமா’ன்னான். இப்ப இங்கயும் அவன் பேரா?”

மகளுக்கு இது மனப்பாடம். அந்த வேலையை உதறிவிட்டு வந்து, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகி, அதிலிருந்தும் அம்மா ஓய்வு பெற்றாகிவிட்டது. கோபம் மட்டும் ஓய்வு பெறவே இல்லை.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தார்.

“கம்பெனி கொடுத்த தகவலைத்தாம்மா நாங்க போட்டிருக்கோம். நீங்கதான் செஞ்சீங்கங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?”

“இருக்கு. இதுக்குள்ளேயே இருக்கு. கொஞ்சம் நகருங்க.”

டீச்சர் உட்கார்ந்தார். முதல் தெரு, இரண்டாவது தெரு. நாய்கள் துரத்தின. தபால்காரன் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்தடித்து ஓடினான். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“இந்த ஓட்டத்தைப் பாக்கறதுக்காகவே நாங்க விளையாடுவோம்” என்றார் கூட்டத்தில் ஒருவர். “தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு ஓடறதைப் பாத்தாலே சிரிப்பு வந்துடும். எப்படித்தான் தோணுச்சோ உங்களுக்கு.”

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

மூன்றாவது தெருவின் கடைசியில் ஒரு பச்சைக் கதவு. விளையாடுகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். டீச்சர் தபால்காரனை அங்கேயே நிறுத்தி, கைப்பிடியை ஏழு தரம் மேலே தள்ளினார்.

கதவு திறந்தது. நாய்களையும் தெருவையும் காணோம். கருப்புத் திரையின் உச்சியில், வெள்ளை எழுத்தில் டீச்சரின் பெயர்.

கூட்டம் கைதட்டியது. மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

டீச்சர் எழுந்தார். மூச்சு வாங்கியது.

“வரலாறாம் வரலாறு. வேலை செஞ்சவங்க பேரை அழிச்சுட்டு என்னத்தைச் சொல்லித் தர்றீங்க? இன்னொருத்தர் உழைப்பைத் தன் பேர்ல எழுதிக்கறதுக்குப் பேர் திருட்டு. அந்தத் திருட்டுக்கு நீங்க பளபளன்னு ஒரு பலகை வேற வெச்சிருக்கீங்க.”

பொறுப்பாளர் கைகூப்பினார். “மன்னிச்சுக்கங்கம்மா. நாளைக்கே மாத்திடறோம். பொம்மைங்க, அந்த ஓட்டம், அதெல்லாம் வரைஞ்சதும் நீங்கதானா?”

டீச்சர் ஒரு கணம் தயங்கினார். “எல்லாம் நான்தான்.”

“அப்படியா…” பொறுப்பாளர் நெற்றியைத் தடவினார். “இல்ல, போன மாசம் ஒரு கடிதம் வந்தது. இதை உருவாக்கினவர்னு வேற பேரைச் சொல்லி எழுதியிருந்தாங்க. ஆதாரம் இல்லாம பலகையை மாத்த முடியாதுன்னு எடுத்து வெச்சுட்டேன். இப்பத் திரையில உங்க பேரைப் பாத்ததும்தான் ஞாபகம் வருது. அதே பேர்தான். ஒரு நிமிஷம் இருங்க.”

அறைக்குள் போய் ஒரு கோப்புடன் வந்தார். உள்ளே அந்தக் கடிதமும், அதோடு வந்த பழுப்பேறிய கட்டம் போட்ட தாள்களும். ஒவ்வொரு கட்டத்தையும் கலர் பென்சிலால் நிரப்பி, தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் தபால்காரன். அவன் கால் வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் தனித்தனியாக ஒரு தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் பொடியாக ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து டீச்சருடையது அல்ல.

டீச்சர் அதை வாங்கக் கை நீட்டவில்லை. மகள்தான் கடிதத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

‘ஐயா, இந்த விளையாட்டை எழுதியது என்னோடு வேலை பார்த்த அக்காதான். முதலாளி அல்ல. தயவுசெய்து பலகையில் அக்காவின் பெயரைப் போடுங்கள். பார்த்தால் ரொம்பச் சந்தோஷப்படுவார். நான் பொம்மைகளை வரைந்து கொடுத்ததோடு சரி. என் பெயரையும் விளையாட்டுக்குள்ளே வைக்க அக்கா எவ்வளவோ பாடுபட்டார். ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்ததாம்.’



மகள் கடிதத்திலிருந்து நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். உச்சியில் அம்மாவின் பெயர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே திரை முழுக்கக் காலி.

“இவ்வளவு இடம் இருக்கேம்மா” என்றாள்.