தோல் போர்த்திய வில்

வில்லைக் கையில் வாங்கிய ஹரிப்ரியா, அதன் முதுகில் ஒட்டியிருந்த மலைப்பாம்புத் தோலைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"நான் வெறும் வில்லுதானே கேட்டேன். இவ்ளோ அழகா பண்ணிட்டீங்களேண்ணா!"

ஐங்கரன் கொட்டிலின் சன்னலைத் திறந்தார். குளிர் அடித்தது. மூடினார்.

வாரநாட்களில் அவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு தச்சுப் பட்டறையில் கதவு நிலை செய்கிறவர். சனி ஞாயிறில், வீட்டுக்குப் பின்னாலுள்ள இந்தக் கொட்டிலில் வில். பதினோரு வருடத்தில் அவர் செய்த வில் ஒன்றுகூட முறிந்ததில்லை. விற்சங்கத்தில் புதிதாய் வருகிறவர்களிடமும் அதைத்தான் முதலில் சொல்லுவார்கள்.

ஹரிப்ரியாவிடமும் சொல்லியிருந்தார்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் இந்த வில்லுக்காக நாலு மாதம் காத்திருந்தாள். நாளைக்கு அவளுக்கு முதல் போட்டி.

அவள் நாணில் விரலை வைத்தாள்.

"பொறுங்கோ பிள்ளை."

வில்லைத் திரும்ப வாங்கி நாணின் முடிச்சை அவிழ்த்தார். மறுபடி அதே மாதிரியே கட்டினார். பிறகு நாணுக்கு மெழுகு தேய்த்தார். ஏற்கெனவே தேய்த்ததுதான்.

"குடுக்க மனசு வரலையாண்ணா?" என்று சிரித்தாள்.

நீட்டினார். அவள் காலை அகட்டி நின்று, வில்லை உயர்த்தி, நாணைக் கன்னத்துப் பக்கமாகக் கொண்டுவரத் தொடங்கினாள். வில்லின் மேல்பாதி அவள் முகத்துக்கு நேரே வளைந்து வந்தது.

ஐங்கரன் எட்டிப் பிடித்துப் பறித்தே விட்டார்.

"ஒருக்கா நான் இழுத்துப் பாக்கிறன். தள்ளி நில்லுங்கோ."

அவள் கை நீளத்துக்கு நாணை இருபத்தாறு அங்குலம் இழுத்தால் போதும். அவர் இருபத்தெட்டுக்கு இழுத்தார்.

வில் அழகாக வளைந்தது. சத்தமே இல்லை.

போதும், கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பதுக்கு இழுத்தார்.

படாரென்று மேல்பாதி முறிந்து அவர் நெற்றியில் அடித்தது.

ஹரிப்ரியா கத்திவிட்டாள். ஓடிவந்து தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் நெற்றியில் அழுத்தினாள்.

"என் கையில இருந்திருந்தா கண்ணே போயிருக்கும்ணா. எனக்காக நீங்க அடி வாங்கிட்டீங்க."

"மரம்தானே. எப்ப என்ன செய்யுமெண்டு ஆரும் சொல்லேலாது."

நாளைக்குச் சங்கத்து வில்லை வைத்துச் சமாளித்துக்கொள்வதாக அவள் சொன்னாள். வேறொன்று செய்து தருவதாக அவர் சொன்னார். புறப்படும்போது, தோலில் தொங்கிக்கொண்டிருந்த முறிந்த துண்டைக் குனிந்து தொட்டாள்.

"இத நான் எடுத்துக்கட்டுமா? நீங்க எனக்காகச் செஞ்சத எல்லாருக்கும் காட்டணும்."

"வேண்டாம். சிராய் குத்தும்," என்றார், கொஞ்சம் வேகமாக.

அவள் போன பிறகு கதவைத் தாழிட்டார். முறிந்த இடத்தில் தோலைப் பற்றி உரித்தார்.

முறிவில் ஒரு பாதி, புது மரத்தின் வெள்ளை. மறு பாதியில், மயிரிழை வெடிப்புக்குள் புதன்கிழமை, தோலை ஒட்டுவதற்கு முன், அவர் சொட்டுச் சொட்டாய் விட்ட பசை, கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது.

அந்தத் துண்டைத்தான் முதலில் கொட்டில் மூலையிலிருந்த விறகடுப்புக்குள் போட்டார்.