எட்டாவது சீருடை

உலகைக் காக்கும் எழுவர் படைக்கு முப்பது வருஷமாக நான்தான் தையல்காரி. அவர்களில் ஒருவர் இறந்தால் கிழிந்த சீருடை என்னிடம் வரும். ஒட்டுப்போட்டுக் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். ஏழாவதைப் போன வாரம்தான் தைத்துக் கொடுத்தேன்.

இன்று காலை எட்டாவதாக ஒன்று வந்தது. நெஞ்சில் ஓட்டை. ரத்தம் காயவில்லை.

"ஏழு பேரும்தான் போயாச்சே, இது யாருது?" என்றேன். அதைக் கொண்டுவந்த வண்டிக்காரருக்கும் தெரியவில்லை.

காலருக்குள் நான் வழக்கமாக அளவெழுதி வைத்துத் தைக்கும் அளவுத்துணி இருந்தது. என் கையெழுத்துதான். இடுப்பு முப்பத்தாறு. அந்தப் பருமனில் படையில் ஒருவரும் இருந்ததில்லை.

மத்தியானம் மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, படையில என்னை எடுத்துட்டாங்க! அளவு எடு, நாளைக்கே வேணுமாம்."

"உனக்கென்னடி பைத்தியமா?"

"யாராவது போகணும்லம்மா?"

காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தேன். அவள் மசியவில்லை. அவள் இடுப்பில் நாடாவைச் சுற்றினேன். இருபத்தெட்டு.

தொளதொளவென்று சீருடை போட்டவளைச் சண்டைக்கு அனுப்ப மாட்டார்கள். அந்த ஒரே நம்பிக்கையில், மனதில் வந்த பெரிய எண்ணை அளவுத்துணியில் எழுதினேன்.

எழுதிய பிறகுதான் பார்த்தேன். முப்பத்தாறு.