ஒரு கல் உப்பு

டிவியும் இன்டர்நெட்டும் தருகிறோம் என்று இரண்டு கம்பனிகள் எங்கள் தீவுக்கு ஆள் அனுப்பின. திங்கட்கிழமை நீலச் சட்டைக்காரன் வந்தான். பெயர் றெஜினோல்ட் என்றான். “வீட்டில தனியவோ?” என்று கேட்டான். தேத்தண்ணியும் கடித்துக் குடிக்கப் பனங்கட்டியும் கொடுத்தேன். பனங்கட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கல் உப்புக் கேட்டு வாங்கிக் கரைத்துக் குடித்தான். வெள்ளிக்கிழமை காலைப் படகில் மற்றக் கம்பனியின் சிவப்புச் சட்டைக்காரன் வந்தான். அதே முகம், புருவத்தில் அதே வெட்டு. பெயர் மட்டும் கமலதாசன். படகால் இறங்கும் அத்தனை பேரையும் குரைத்துக் கலைக்கிற என் நாய், வாலை ஆட்டிக்கொண்டு அவன் காலடியில் படுத்தது.

“முந்தி இங்க வந்தனீங்களோ?”

“இல்லை அக்கா, இந்தத் தீவுக்கே இண்டைக்குத்தான் வாறன். வீட்டில தனியவோ?”

கொழும்பிலிருக்கும் மகள் இன்டர்நெட்டில் என் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்திருக்காவிட்டால் அப்போதே விரட்டியிருப்பேன். தேத்தண்ணி ஊற்றி, தட்டில் பனங்கட்டிக்குப் பதிலாக ஒரு கல் உப்பை வைத்துக் கொடுத்தேன். இனிப் பொய் சொல்லட்டும், பார்ப்போம். படிவத்தை நிரப்பிக்கொண்டே உப்பைப் போட்டுக் கலக்கி ஒரு மிடறு குடித்தான். பிறகுதான் கை நின்றது. கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். படிவத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“நான் உப்புப் போட்டுக் குடிக்கிறது என்ர மனுசிக்கும் தெரியாது. உங்களுக்கு ஆர் சொன்னது?”

நான் வாயைத் திறக்குமுன், அவன் காலடியில் கிடந்த நாய் எழுந்து என்னைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது.