செம்மணல் மேட்டில் ஒரு வெள்ளைத் துகள்

காற்று தூக்கிவந்து போட்ட வெள்ளை மணல்துகள் ஒன்று, செம்மணல் மேட்டுப் பனைமரத்தடியில் மூச்சு வாங்கியது.

"யாரைக் கேட்டு இறங்கினே? இது எங்க மண். நிறத்தைப் பார்த்தாலே தெரியுது, நீ வந்தேறி. அடுத்த காத்துல கிளம்பு!" என்றது பனை.

துகளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உங்க மண்ணா? அதையும் கேட்டுடுவோம்!" என்று பக்கத்துச் சிவப்புத் துகளிடம் திரும்பியது. "அக்கா, நீங்க எந்த ஊரு?"

"நானும் காத்துல வந்தவதான். அப்போ உன்னை மாதிரி வெளுப்பு. வெயிலும் மழையும் பட்டுச் சிவந்துட்டேன்."

"உங்களுக்குக் கீழே இருக்கறவங்க?"

"நாங்களும் பறந்து வந்தவங்கதான்!" அடியாழம்வரை குரல்கள் எழுந்தன.

துகள் மேட்டைச் சுற்றிலும் பார்த்தது. இவ்வளவு பெரிய மேடே பறந்து வந்ததா!

அடுத்த காற்று சீறி வந்தபோது பனை துகளிடம் மெல்லச் சொன்னது: "என் வேரைக் கெட்டியாப் பிடிச்சுக்க."